புதுப்பிப்பு: எஃகு பேக்பிளேட்தான் வாங்கினேன், எடைக் கணக்கும் சரியானது

புதுச்சேரிக் கடலில் ஒற்றை சிலிண்டரோடு டைவ் செய்ய, முதுகில் சிலிண்டரைத் தாங்கும் தகடான பேக்பிளேட் எஃகில் நல்லதா, அலுமினியத்திலா என்று வேலூரிலிருந்து கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

எஃகுதான் வாங்கினேன். பிளேட்டே சுமார் 2.7 கிலோ என்பதால் இடுப்பு பெல்ட்டில் மூழ்குவதற்காகக் கட்டும் ஈயம் அந்த அளவுக்குக் குறைந்தது. விங் (காற்று நிரப்பி மிதக்க உதவும் பை) 13 கிலோ தூக்குவிசை. மெல்லிய வெட்சூட்டுக்கு (குளிர் தாங்க நீருக்குள் போடும் உடை) தாராளம்.

ரொம்பக் கைகொடுத்த யோசனை, "வெட்சூட் போட்டு அளவு பார்க்காமல் வெப்பிங்கை வெட்டாதீங்க" என்பது. வெப்பிங் என்றால் பிளேட்டை உடம்போடு கட்டும் பட்டை. தோள், இடுப்பு, கவட்டுப் பட்டை மூன்றும் சரியாக அமைந்த பிறகே நுனியை வெட்டித் தீயில் உருக்கி அடைத்தேன்.

எதிர்பாராதது ஒன்று: இங்கே நீச்சல் குளத்தில் போதுமாக இருந்த எடை கடலில் போதவில்லை. கடல்நீர் சுமார் 2.5 சதவீதம் அடர்த்தி கூடுதல். ஆளும் கருவியும் சேர்ந்து 100 கிலோ என்றால் இன்னும் இரண்டரை கிலோ ஈயம் வேண்டும். அலுமினிய சிலிண்டரோ காற்று தீரத் தீர மேலே இழுக்கும். அதனால் சிலிண்டரில் 50 பார் அழுத்தக் காற்று மட்டும் மிச்சமிருக்கும்போது, 5 மீட்டர் ஆழத்தில், விங்கைக் காலியாக்கி நிலையாக நிற்க முடிகிறதா என்று பார்த்துத்தான் எடையை முடிவு செய்தேன்.

அப்புறம், சிலிண்டர் பட்டையை நனைத்துவிட்டு இறுக்குங்கள். உலர்ந்த பட்டை தண்ணீரில் தளர்ந்து சிலிண்டர் நழுவும்.