ஓட்டுச் சூளையில் இருந்த முகாம்: பிள்ளைகளை அழைத்துச் செல்லலாமா?

கடற்கரைச்சாலை வாசகி, புதுச்சேரி

பிரான்சின் மார்செய் நகரில் மகள் வீட்டில் இரண்டு மாதம் தங்கியிருந்தபோது, பதினான்கு வயதுப் பேத்தியுடன் எக்ஸ் நகரை அடுத்த லே மீல் முகாமுக்குச் சென்றுவந்தேன். 1882இல் ஓடும் செங்கல்லும் சுடுவதற்காகக் கட்டப்பட்ட ஆலை அது. 1939 செப்டம்பரில் போர் தொடங்கியதும் பிரெஞ்சு அரசு அதைத் தடுப்பு முகாமாக்கி, ‘எதிரி நாட்டார்’ என்று சொல்லி ஜெர்மானியரையும் ஆஸ்திரியரையும் அடைத்துவைத்தது. அவர்களில் பலர் ஹிட்லருக்கு அஞ்சி பிரான்சிடம் அடைக்கலம் தேடி ஓடிவந்தவர்கள். ஓவியர் மாக்ஸ் எர்ன்ஸ்டும் எழுத்தாளர் லியோன் ஃபாய்க்ட்வாங்கரும் அங்கே இருந்திருக்கிறார்கள். 1942 ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட யூதர்கள், குழந்தைகள் உட்பட, இங்கிருந்து ரயிலேற்றப்பட்டு ஆஷ்விட்ஸ் மரண முகாமுக்கு அனுப்பப்பட்டனர். அப்போது அந்தப் பகுதிக்குள் ஜெர்மன் படை வரவே இல்லை. பிடித்ததும், பெயர் பார்த்துப் பிரித்ததும், ரயிலேற்றியதும் பிரெஞ்சு அரசின் ஆட்களே.

1940 செப்டம்பரில் ஆளுநர் போன்வேன் காலத்தில் புதுச்சேரி, ஜெர்மனியை எதிர்த்துப் போரைத் தொடர்ந்த தெ கோல் பக்கம் சேர்ந்ததை நாம் பெருமையுடன் சொல்லிக்கொள்கிறோம், சொல்ல வேண்டியதுதான். ஆனால் அதே போர் ஆண்டுகளில் அதே கொடியின் கீழ், ஹிட்லருடன் ஒத்துழைத்த விஷி அரசு பிரான்சில் செய்தவற்றை நம் சொல்தா (பிரெஞ்சுப் படையில் இருந்தவர்கள்) குடும்பத்துப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்வதில்லை. பிரான்சுக்குப் படிக்கப்போகும் ஒவ்வொருவரும் அந்தச் சூளைக்குள் ஒருமுறை நின்றுவர வேண்டும் என்பது என் கருத்து. பேத்தி அன்றிரவு சாப்பிடவில்லை. மகளுக்கு என்மேல் கோபம். நான் செய்தது தவறா என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

சயாம் பேரன், கடலூர்

அம்மா, தங்கள் நோக்கத்தை நான் குறை சொல்லவில்லை; ஆனால் தாங்கள் செய்தது தவறு என்றே நினைக்கிறேன். வளரும் பிள்ளையை அப்படி ஓர் இடத்தில் நிறுத்துவது பாடமாகாது, அச்சமாகவே தங்கும்.

இரண்டாவதாக, துக்கத்திலும் நாம் அடுத்தவர் வாசலைத்தான் முதலில் தேடுகிறோம். என் தாத்தா மலாயாவில் ரப்பர் தோட்டத்தில் இருந்தவர். ஜப்பானியர் சயாம் (இன்றைய தாய்லாந்து) மரண ரயில் பாதை வேலைக்குக் கொண்டுசென்ற தமிழர்களில் ஒருவர். திரும்பவில்லை. 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடிந்த 415 கிலோமீட்டர் பாதை அது. அங்கே இறந்த நேசநாட்டுப் போர்க்கைதிகள் பன்னிரண்டாயிரத்துக்கும் மேல். ஆசியத் தொழிலாளர்கள் அதைப்போலப் பல மடங்கு. அந்தப் பாதை செல்லும் காஞ்சனபுரியில் போர்வீரர் ஏறத்தாழ 7,000 பேருக்குப் புல்வெளியும் கல்லறைகளும் உண்டு. காலராவில் செத்துக் காட்டில் புதைந்த தோட்டத் தமிழனுக்கு எந்தக் கல்லில் பெயர் இருக்கிறது? என் பிள்ளைகளை அழைத்துச் செல்வதானால் முதலில் அங்கேதான் அழைத்துச் செல்வேன்.

செம்மண், பண்ருட்டி

எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகச் செங்கல் சூளை வைத்திருப்பது. ஆகவே எனக்கு ஒன்று கேட்கத் தோன்றுகிறது. சூளையடிக்குப் போய்வந்தாலே இமையிலும் பல்லிடுக்கிலும் சிவப்புப் பொடி ஒட்டிக்கொள்ளும். அதற்குள் மனிதர்கள் எங்கே படுத்தார்கள்? இப்போது அதைக் கழுவி வெள்ளையடித்து விளக்குப் போட்டிருக்கிறார்களா? அப்படியென்றால் படத்தை வீட்டிலேயே பார்த்துவிடலாம் என்பேன்.

கடற்கரைச்சாலை வாசகி, புதுச்சேரி

செம்மண் ஐயா, கழுவவில்லை. ஓடு காயவைக்கும் மேல்தளங்களில் வைக்கோல் பரப்பிப் படுத்திருக்கிறார்கள். குளிருக்கு அஞ்சியவர்கள் கீழே சுரங்கம் போன்ற சூளைக்குள்ளும் படுத்தார்கள். ஒரு சூளைக்குள் மேடை அமைத்துப் பாட்டும் நாடகமும் நடத்தியிருக்கிறார்கள் என்பதை அந்த இருட்டில் நின்றபோது என்னால் நம்பவே முடியவில்லை. காவலர்கள் சாப்பிட்ட கூடத்தின் சுவர்களில் கைதிகள் வரைந்த ஓவியங்கள் அப்படியே உள்ளன: பழம், மீன், இறைச்சி, விருந்து. தட்டு நிறையாவிட்டால் எங்கள் சித்திரங்களாவது உங்கள் பசியை ஆற்றட்டும் என்ற பொருளில் ஒரு வரியும் எழுதியிருக்கிறது. எழுதியவர்களுக்கோ வயிறார உணவில்லை. போருக்குப் பின் அதே ஆலை மறுபடியும் ஓடு சுட்டது. 1980களில் ஓவியக் கூடத்தை இடிக்க முனைந்தபோது தப்பிப் பிழைத்தவர்களும் மற்றவர்களும் சேர்ந்து தடுத்திராவிட்டால், 2012இல் நினைவிடம் திறக்க அங்கே எதுவும் மிஞ்சியிருக்காது.

பேத்தியை வாட்டியது மேல்தளத்துச் சன்னல் ஒன்று. ரயிலேற்றிய நாள்களில் சிலர் அதன் வழியே குதித்து உயிர்விட்டார்கள். அங்கே போகுமுன்பே அவளை நான் தடுத்திருக்க வேண்டும். அந்தத் தவறை ஒப்புக்கொள்கிறேன்.

பேரன் தம்பி, உங்கள் தாத்தாவுக்குக் கல் இல்லை என்பது எனக்கும் நெஞ்சை அறுக்கிறது. ஆனாலும் உங்கள் வாதத்தில் ஓர் இடம் எனக்கு உடன்பாடில்லை. சயாமில் கொடுமை செய்தவன் அந்நியன். அவனைக் குற்றம் சொல்வது எளிது. லே மீலில் ஓர் அரசு தன் கையாலேயே செய்ததைத் தன் மண்ணிலேயே திறந்துவைத்திருக்கிறது. அந்தப் பொறுப்பைக் குடியரசுத் தலைவர் சிராக் வாய்திறந்து ஏற்கவே 1995 ஜூலை வரை, அரை நூற்றாண்டு, ஆயிற்று. நம்மிடமும் அப்படி ஒன்று உண்டு: 1962 போரின்போது, சீன வம்சாவளியினர் என்ற ஒரே காரணத்துக்காக ஏறத்தாழ மூவாயிரம் பேரை ராஜஸ்தானின் தேவ்லி முகாமில் அடைத்தோம். பலர் இங்கேயே பிறந்தவர்கள். சிலர் பல ஆண்டுகள் உள்ளே கிடந்தார்கள். நம் பிள்ளைகளில் எத்தனை பேர் தேவ்லி என்ற பெயரைக் கேட்டிருக்கிறார்கள்?

சயாம் பேரன், கடலூர்

தேவ்லியைப் பற்றி நானும் இன்றுதான் படித்தேன். அது எனக்கு வெட்கமாகவே இருக்கிறது. ஆனால் சயாமுக்கு அந்நியன் மட்டுமே பொறுப்பு என்பதை ஏற்க மாட்டேன். கப்பலேற்றிக் கொண்டுபோன வெள்ளைக்காரத் தோட்டத்துரைகள் ஜப்பானியர் வந்ததும் கூலிகளைக் கைவிட்டு ஓடினார்கள். ஆள் பிடித்துக் கொடுத்தவர்களில் தமிழ்க் கங்காணிகளும் இருந்ததாக எங்கள் பாட்டி சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். தாங்கள் சொல்லும் அந்த ‘தன் கை’ இங்கேயும் உண்டு, அம்மா. அதைக் காட்டுவதற்குத்தான் நமக்கு ஒரு கட்டடம் இல்லை.

தாத்தாவின் பெயர் எங்கள் வீட்டில் ஒரு நிலப் பத்திரத்தில் மட்டும் இருக்கிறது. பொங்கலுக்குப் பேத்தி ஊருக்கு வந்தால் அழைத்துவாருங்கள், காட்டுகிறேன். அந்தச் சன்னலுக்கு மட்டும் பதினான்கு வயது போதாது என்ற என் கருத்தில் மாற்றமில்லை.