ரோமாபுரி துப்பறியும் கதைகள்: உங்களை இன்னும் விடாத ஓர் இடம்?

கல்தூண்:
நான் படித்த ஒரு நாவல்: ஆளுநர், அடிமைகள், நடுவில் ஒரு துப்பறிபவர், மீதி உங்களுக்கே தெரியும். அதில் கிறிஸ்தவர்களின் பெயர்களை வரிசையாகப் போட்டு ஒரு மொட்டைக் கடிதாசி வரும். முடித்த கையோடு, சுமார் கி.பி. 112இல் பித்தினியாவிலிருந்து (இன்றைய துருக்கியில் இருந்த ரோம மாகாணம்) அதன் ஆளுநர் பிளினி பேரரசர் டிராஜனுக்கு எழுதிய கடிதத்தை எடுத்தால், அதே மொட்டைக் கடிதாசி அங்கே நிஜமாக இருக்கிறது! அதையெல்லாம் கணக்கில் எடுக்காதே என்று டிராஜன் பதில் போட்டிருக்கிறார், நல்லது. என்னை அரிப்பது வேறு. கிறிஸ்தவ சபையில் ஊழியம் செய்த இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்து விசாரித்தேன், அளவுமீறிய மூடநம்பிக்கை தவிர வேறொன்றும் கிடைக்கவில்லை என்று பிளினி வரவு செலவு எழுதுவதுபோல் எழுதிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போகிறார். அந்தப் பெண்களின் பெயர்கூட இல்லை. நாவலிலும் அவர்களைக் காணோம்.

இரவுவாசகி:
எனக்கு ரோமில் இருக்கும் சான் கிளெமென்தே தேவாலயம். மேலே 12ஆம் நூற்றாண்டுத் தேவாலயம், கீழே இறங்கினால் 4ஆம் நூற்றாண்டுத் தேவாலயம், இன்னும் இறங்கினால் ரோமர்கள் கும்பிட்ட மித்ரா என்ற தெய்வத்தின் கோயில். நான் படித்த கதையில் பிணம் கிடந்தது இப்படி ஓர் அறையில்தான். இரண்டு பக்கமும் கல் திண்ணை, நடுவே மித்ரா காளையைக் கொல்வதைச் செதுக்கிய பலிபீடம். நான் அங்கே போனபோது கூட வந்தவர்கள் மேலே போய்விட்டார்கள், சுவருக்குப் பின்னால் எங்கோ தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் நிற்கவே இல்லை, இங்கே ஒருவன் கத்தினால் யாருக்குக் கேட்கும் என்று தோன்றியதும் படியேறி ஓடி வந்துவிட்டேன். அடுத்த முறை கிறிஸ்தவர்கள் ஒளிந்திருந்த சுரங்கக் கல்லறைகளுக்குப் போகணும்.

பொடிநடை:
இரவுவாசகி, ஒளிந்திருந்தார்களா? யார் சொன்னது? அது இடுகாடு. நகரத்துக்குள் புதைக்கக் கூடாது என்பது ரோமச் சட்டம், அதனால் நகரத்துக்கு வெளியே போகும் அப்பியா சாலைப் பக்கம் பாறையைக் குடைந்தார்கள். அதுவும் 2ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் பெருகியது. கி.பி. 64இல், நீரோ காலத்தில், ரோம் எரிந்த தீ விபத்துக் கதையில் ஆளை அங்கே துரத்துகிற எழுத்தாளர்களை என்ன சொல்ல! அந்தச் சுரங்கக் கல்லறைகளில் ஒன்றான கலிஸ்துஸ் கல்லறையில் 3ஆம் நூற்றாண்டுப் போப்புகளை அடக்கம் செய்த அறையின் வாசலில், பழைய யாத்திரிகர்கள் சுவரில் கீறிய பெயர்களைப் பார்த்தேன், ஒன்றின் மேல் ஒன்றாக. என் கதை அவ்வளவுதான். போகிறவர்கள் கவனிக்க: வெயில் காலத்திலும் ஸ்வெட்டர் வேண்டும், உள்ளே சில்லென்று இருக்கும். வழிகாட்டி இல்லாமல் விடமாட்டார்கள், போட்டோ கூடாது. முட்டி வலி உள்ளவர்கள் படிக்கட்டை யோசித்துக்கொள்ளுங்கள். அப்பியா சாலையில் நடந்து போகிறேன் என்று கிளம்பாதீர்கள், பல இடத்தில் நடைபாதையே கிடையாது, கார் உரசிக்கொண்டு போகும். பஸ்தான் நல்லது. தண்ணீர் பாட்டில், அப்புறம் வழுக்காத செருப்பு.

இரவுவாசகி:
நான் செருப்பைப் பற்றிக் கேட்கவே இல்லையே ஐயா. சான் கிளெமென்தேயில் ஓடும் அந்தத் தண்ணீர் எங்கே போகிறது, அதை யாராவது சொல்லுங்கள்.

பொடிநடை:
பழைய ரோமச் சாக்கடைக்கு. 1857இல் முல்லூலி என்ற ஐரிஷ் துறவி அந்தத் தேவாலயத்துக்கு அடியில் தோண்ட ஆரம்பித்தார், கீழ்த்தளத்தில் தண்ணீர் நிரம்பிவிட்டது. 1912–14இல் தனியாக ஒரு சுரங்கம் வெட்டித்தான் அதை வடித்தார்கள்.