உணவுக் கோளாறு கேள்வித்தாள்: 20-ஐத் தாண்டுகிறார்கள், காரணம் வேறு

காரைக்குடிப் பக்கம் இரண்டு பள்ளிகளில், 10 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு 'சில்ட்ரன்ஸ் ஈட்டிங் ஆட்டிட்யூட்ஸ் டெஸ்ட்' என்ற, உணவுக் கோளாறு இருக்கலாமா என்று முதலில் சலித்துப் பார்க்கும் கேள்வித்தாளைத் தமிழில் கொடுத்துப் பார்க்கிறோம். மொத்தம் 26 கேள்வி. 'எப்போதும்' 3, 'மிக அடிக்கடி' 2, 'அடிக்கடி' 1, கீழே உள்ள மூன்று விடைக்கும் 0. புது உணவை ருசி பார்க்கப் பிடிக்குமா என்ற கேள்விக்கு மட்டும் தலைகீழ் மதிப்பெண், அதைச் சரிபார்த்தாயிற்று.

மொத்த மதிப்பெண் 20-ஐ எட்டினால் உணவுக் கோளாறு இருக்கலாம் என்று மேலும் விசாரிக்க வேண்டும். அப்படி 20-ஐத் தாண்டியவர்களைத் தனியே உட்கார வைத்துக் கேட்டால், பலருக்கு எடை பற்றிய பயமே இல்லை. 'சாப்பிடச் சொல்லி வற்புறுத்துகிறார்கள்' என்பதற்கு 'எப்போதும்' என்று டிக். என்னவென்றால், போதும் என்ற பிறகும் அப்பத்தா தட்டில் இன்னும் இரண்டு பணியாரம் வைக்கிறாராம்! 'சின்னத் துண்டாக்கிச் சாப்பிடுவேன்' என்பதற்கும் அப்படியே. இட்லியைப் பிட்டுத்தானே சாப்பிட முடியும்? 'சாப்பிட்டதும் வாந்தி' என்றால் பள்ளி பஸ்ஸில் வரும் வாந்தி.

பின்மொழிபெயர்ப்பு (தமிழிலிருந்து மறுபடி ஆங்கிலத்துக்கு மாற்றி ஒப்பிடுவது) செய்தோம். வாய்விட்டுப் படித்தும் காட்டினோம். ஆறு டம்ளரில் தண்ணீர் மட்டத்தை வரைந்து விடைக்கட்டம் ஆக்கியதில் 'அடிக்கடி', 'மிக அடிக்கடி' குழப்பம் குறைந்தது; மேலே சொன்ன மூன்று கேள்வியின் தவறான புரிதல் குறையவில்லை. இந்த மூன்று கேள்வியையும் நீக்கினால் 20 என்ற எல்லைக்கே அர்த்தம் போய்விடும்.

வாந்தி, வற்புறுத்தல், துண்டாக்குதல் ஆகிய மூன்றையும் நோக்கம் புரியும்படி, கேள்வி நீளாமல் தமிழில் எப்படி எழுதலாம்?