மறு: ஃபைட்டோஸ்டெபிலைசேஷன் – தமிழில் என்ன சொல்லலாம்?

குழுவினருக்கு வணக்கம்ங்க. மண்ணில் கலந்த நச்சு உலோகங்களை மரம், செடிகளின் வேரால் நகரவிடாமல் நிறுத்திவைக்கும் முறைதான் ஃபைட்டோஸ்டெபிலைசேஷன். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் பேச்சில் அக்கா எழுதியது இது:

> "தாவரச் சுத்திகரிப்பு" என்றே இதற்கும் வைத்துவிடலாமே. எல்லோருக்கும் புரியும்.

அக்கா, இதில் எனக்கு உடன்பாடில்லைங்க. சுத்திகரிப்பு என்றால் மண்ணை விட்டு அழுக்குப் போய்விட்டது என்றுதான் கேட்பவர் எடுத்துக்கொள்வார். இங்கே எதுவும் போவதில்லை. காரீயம், காட்மியம், குரோமியம் எல்லாம் அதே மண்ணில்தான் கிடக்கும். வேர் அவற்றை நகரவிடாமல் தன்னிடமும் தன்னைச் சுற்றியும் பிடித்துவைக்கிறது. கோவையில் பழைய பவுண்டரியோ முலாம் பூசும் பட்டறையோ இருந்த இடத்தில் மரம் வைத்து, "சுத்திகரிக்கப்பட்ட நிலம்" என்று பலகையும் நட்டால், யாராவது அங்கே கீரைப்பாத்தி போடுவார்கள். காட்மியம் கீரைக்குள் சுலபமாக ஏறும். பெட்ரோலில் காரீயம் கலப்பது நம் நாட்டில் 2000-இல் நின்றது. அதற்கு முன் சாலையோரத்தில் படிந்தது மக்கிப்போகிற சரக்கு அல்ல, மேல்மண்ணிலேயே தங்கிவிடும்.

'தாவர' என்ற முன்னொட்டும் வேண்டாம். வேலை நடப்பது வேரில். பசுமை மாறா மரங்களை இதற்குத் தேர்வதும் அதனால்தான்: வேம்பும் புங்கனும் மாசி, பங்குனி வாக்கில் இலை கொட்டும், மகிழமோ நெட்டிலிங்கமோ வருஷம் முழுக்க நீரை இழுத்துக்கொண்டே இருக்கும், உலோகம் நீரோடு கீழிறங்குவது குறையும், புழுதியும் கிளம்பாது. (இலையில் காரீயம் தெரிந்தால் வேர் வழியே ஏறியது என்று முடிவுகட்டிவிடக் கூடாது. பெரும்பாலும் மேலே படிந்த தூசிதான். கழுவிய இலையையும் கழுவாத இலையையும் சேர்த்துச் சோதிக்க வேண்டும்.)

'வேர்ப்பிணிப்பு' பொருளில் சரி; ஆனால் பிணி என்றதும் தோட்டக்காரர் வேரழுகலை நினைப்பார். 'வேர்ப்பிடிமானம்' மரம் மண்ணில் ஊன்றி நிற்பதைச் சொல்வது.

என் பரிந்துரை: வேரடக்கம். அடக்கிவைத்தது உள்ளேயே இருக்கிறது, மரத்தைப் பிடுங்கினால் திரும்ப வெளிவரும் என்ற எச்சரிக்கை சொல்லுக்குள்ளேயே வந்துவிடுகிறது. 'வேரடக்க மரம்', 'வேரடக்க நிலம்' என்று புழங்கவும் தோதாக இருக்கும். உலோகத்தைத் தண்டுக்கும் இலைக்கும் ஏற்றி, அறுவடை செய்து அகற்றுவது வேறு முறை; அதற்கு 'உறிஞ்செடுப்பு'. இரண்டுக்கும் பொதுவாகத் 'தாவரவழி மண்சீரமைப்பு' போதும்.

பிணத்தை அடக்கம் செய்வது என்ற பொருளும் கூடவே தட்டுகிறது. அது உறுத்துகிறதா என்று மட்டும் சொல்லுங்க, அக்கா.