தொடர்பு வலைத் தரவை எப்படி வைத்திருக்கிறீர்கள்?

ஆர் (R) நிரல் மொழியில் தொடர்பு வலைகளை, அதாவது யார் யாரோடு தொடர்பில் இருக்கிறார்கள் என்பதை, ஆராய்பவர்கள் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள். நான் தொடங்குகிறேன்.

நான் இருப்பது தொற்றுநோய்ப் பரவலைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் குழுவில். புதிதாகச் சேர்ந்த மாணவி 10,000 பேரின் தொடர்புகளை முழு மேட்ரிக்ஸாக, அதாவது ஆளுக்கொரு வரிசையும் ஆளுக்கொரு பத்தியும் உள்ள அட்டவணையாக, கொண்டுவந்தார். அதில் 10 கோடிக் கட்டங்கள். கட்டத்துக்கு 8 பைட் என்றால் 80 கோடி பைட், கிட்டத்தட்ட எல்லாமே பூஜ்யம். ஆளுக்குச் சராசரி மூன்று தொடர்பு என்றால், ஓர் இணைப்பில் இருவர் இருப்பதால், இணைப்புகள் வெறும் 15,000. இவர், அவர் என்று இரண்டு பத்தியில் எழுதிவிடலாம்.

ஆனால் அந்தப் பட்டியல் மட்டும் போதாது. இதைப் புரியவைக்க நான் எப்போதும் எடுப்பது 15ஆம் நூற்றாண்டு பிளாரன்ஸ் குடும்பங்களின் தரவு. 16 குடும்பங்கள், 20 திருமண உறவுகள். மெடிச்சிக்கு ஆறு, புச்சிக்கு ஒன்றுகூட இல்லை. உறவுப் பட்டியலை மட்டும் வைத்தால் புச்சி குடும்பமே காணாமல் போய்விடும். வலையின் அடர்த்தியும் (இருக்கக்கூடிய உறவுகளில் உண்மையில் இருப்பவற்றின் பங்கு) 0.167-லிருந்து 0.190-க்கு ஏறிவிடும். நோய்ப் பரவலில் இது இன்னும் மோசம். இன்று யாரோடும் தொடர்பில்லாதவர் நாளை ஒருவரைச் சந்திப்பார், அவரை நாம் எண்ணியே இருக்க வேண்டும்.

ஆர் மொழியின் நெட்வொர்க்லைட் (networkLite) தொகுப்பு எனக்குப் பிடித்துப்போனதற்கு இதுதான் காரணம். இணைப்புகளுக்கு ஓர் அட்டவணை, ஆட்களின் வயது, பாலினம் போன்றவற்றுக்கு ஓர் அட்டவணை, மொத்த எண்ணிக்கை தனியே. தனித்து நிற்பவரும் பத்திரமாக இருப்பார். நோய்ப் பரவலை ஓட்டிப் பார்க்கும் எபிமாடல் (EpiModel) தொகுப்பில் வலை ஒவ்வொரு நாளும் மாறும்போது இந்த எளிமை நேரத்தை நன்றாகவே மிச்சப்படுத்துகிறது. அந்த மாணவி இப்போது இதில்தான் வேலை செய்கிறார்.

பதில்:
சார், என் ஆய்வு கிராமக் கடன் உறவுகள் பற்றியது. ஒருவர் இன்னொருவருக்கு வருடத்தில் பல தடவை கொடுப்பார். நெட்வொர்க்லைட்டில் இருவருக்கிடையே பல இணைப்புகள் வைக்க முடியாது, மூன்று பேர் சேர்ந்த இணைப்புக்கும் இடமில்லை. அதனால் ஆர் மொழியின் பழைய நெட்வொர்க் (network) தொகுப்பிலேயே இருக்கிறேன். கனமானதுதான், ஆனால் என் தரவை அப்படியே ஏற்றுக்கொள்கிறது.

பதில்:
சரிதான் தம்பி. யார் யாருக்குக் கொடுக்கிறார் என்பது மட்டும் போதுமானால் தொகையைக் கூட்டி ஒரே இணைப்பின் பண்பாக வைக்கலாம். எந்த மாதம் கொடுத்தார், திருப்பித் தந்த பிறகு கொடுத்தாரா என்பதெல்லாம் கேள்வியில் இருந்தால் கூட்டாதீர்கள், நெட்வொர்க்கே இருக்கட்டும்.