பிரபஞ்சத்தின் அளவுகளில் மனிதன் நடுவில் இருக்கிறான் என்பது உண்மையா?

இரவுவாசி:
மிகப் பெரியதற்கும் மிகச் சிறியதற்கும் சரியாக நடுவில் இருப்பது மனிதன்தான் என்று அடிக்கடி கண்ணில் படுகிறது. சாதாரணச் சராசரி எடுத்தால் அது வராது, பத்தின் அடுக்குகளில் எண்ண வேண்டும், அது புரிகிறது. ஆனால் இது நிஜக் கணக்கா, கேட்க நன்றாக இருக்கிறதே என்று யாரோ கிளப்பிவிட்டதா? அப்புறம் இன்னொரு சந்தேகம், சிரிக்க வேண்டாம்: அணு ஒரு குட்டிச் சூரியக் குடும்பம் என்றால், நம் சூரியக் குடும்பம் ஏன் வேறொரு பெரிய உலகத்தின் அணுவாக இருக்கக் கூடாது?

பத்தடுக்கு:
எந்த முனையிலிருந்து எந்த முனை வரை என்று சொல்லாமல் நடு என்று பேசினால் எதை வேண்டுமானாலும் நடுவில் வைக்கலாம். பெரிய முனையில் தகராறு இல்லை: நம்மால் பார்க்க முடிகிற பிரபஞ்சத்தின் குறுக்களவு சுமார் 9300 கோடி ஒளியாண்டு, மீட்டரில் ஏறக்குறைய 10^27. (பார்க்க முடிகிற பகுதிதான், அதற்கு அப்பாலும் இருக்கிறது.) சிக்கல் எல்லாம் கீழ் முனையில். அணுக்கருவில் இருக்கும் புரோட்டானை எடுத்தால் 10^-15 மீட்டர், அப்போது நடு 10^6, அதாவது ஆயிரம் கிலோமீட்டர் அளவுள்ள ஒரு பொருள், நம் நிலாவே அதைவிடப் பெரியது. எலக்ட்ரானை எடுக்கலாமா என்றால் அதற்கு அளவு என்று ஒன்றை இதுவரை யாரும் அளந்ததில்லை, 10^-18 மீட்டரைவிடச் சிறியது என்று மட்டும் சோதனைகள் காட்டுகின்றன. புரோட்டானுக்குள் இருக்கும் குவார்க்குகளுக்கும் இதே கதைதான். இன்னும் கீழே போய் பிளாங்க் நீளம் (இயற்பியலில் அர்த்தமுள்ள மிகச் சிறிய நீளமாகக் கருதப்படுவது), 10^-35 மீட்டர், அதை வைத்தால் நடு 10^-4, அதாவது 0.1 மில்லிமீட்டர், ஒரு தலைமுடியின் தடிமன். மனிதக் கருமுட்டையும் ஏறத்தாழ அந்த அளவுதான், வேண்டுமானால் அதைச் சொல்லிச் சமாதானப்பட்டுக்கொள்ளலாம்.

முழு மனிதன் நடுவில் வர வேண்டுமானால் கீழ் முனை 10^-27இல் இருக்க வேண்டும். அந்த அளவில் நமக்குத் தெரிந்த எதுவுமே இல்லை.

கருவெளி:
இரண்டாவது கேள்விக்கு. 1911இல் ரூதர்ஃபோர்டு அணுக்கருவை அறிவித்தார், 1913இல் நீல்ஸ் போர் எலக்ட்ரான்கள் கருவைச் சுற்றிவரும் தன் அணு மாதிரியைத் தந்தார், அந்தப் படம்தான் இன்னும் பாடப்புத்தகங்களை விட்டுப் போகவில்லை. எலக்ட்ரான் கோள் மாதிரி சுற்றி வருவதில்லை, இந்தக் கணத்தில் இங்கே இருக்கிறது என்று சொல்லும்படி அதற்குப் பாதையும் கிடையாது. தவிர எல்லா எலக்ட்ரான்களும் அச்சு அசலாக ஒன்றே, வியாழனையும் புதனையும் அப்படிச் சொல்ல முடியுமா? சரி, அளவை மட்டும் ஒப்பிட்டாலும் பொருந்தாது. நெப்டியூன் பாதையின் குறுக்களவு சூரியனைப்போல் சுமார் 6500 மடங்கு. ஹைட்ரஜன் அணு தன் கருவைப்போல் சுமார் 60,000 மடங்கு. அணுதான் அதிகம் காலி.

பத்தடுக்கு:
இந்தக் காலி விஷயத்தில் எனக்குப் பிடித்தது வேறு. மேலே போகப் போக எல்லாம் இன்னும் விலகிக்கொண்டே போகும் என்றுதானே நினைப்போம், அப்படி இல்லை. சூரியனுக்கு மிக அருகிலுள்ள விண்மீனுக்கும் சூரியனுக்கும் நடுவே கிட்டத்தட்ட 2.9 கோடி சூரியன்களை வரிசையாக அடுக்கலாம். ஆனால் நம் கேலக்ஸியான பால்வீதிக்கும் பக்கத்துப் பெரிய கேலக்ஸியான ஆண்ட்ரோமெடாவுக்கும் நடுவே, பால்வீதியை ஒரு லட்சம் ஒளியாண்டு அகலம் என்று வைத்துக்கொண்டால், 25 பால்வீதிகள் அடுக்கினாலே இடம் தீர்ந்துவிடும். தங்கள் உடம்பின் அளவுக்கு கேலக்ஸிகள் நெருக்கியடித்துக்கொண்டுதான் இருக்கின்றன, அதனால்தான் அவை ஒன்றோடொன்று மோதுவது சகஜம். மோதும்போது உள்ளே இருக்கும் விண்மீன்கள் உரசாமலே கடந்துபோய்விடும்.

இரவுவாசி:
நன்றி இருவருக்கும். ஆனால் ஒன்று இடிக்கிறதே: பிரபஞ்சத்தின் வயது 1380 கோடி ஆண்டு. குறுக்களவு எப்படி 9300 கோடி ஒளியாண்டு ஆகும்? அதில் இரண்டு மடங்குதானே வர வேண்டும்?

கருவெளி:
வெளி விரியாமல் அப்படியே இருந்திருந்தால் நீங்கள் சொல்வது சரி. ஒளி வந்துகொண்டிருக்கும்போதே அது கடந்துவிட்ட தூரமும் பின்னால் விரிந்துகொண்டே போகிறது. இன்று நமக்கு வந்து சேரும் மிகப் பழைய ஒளி இருக்கிறதே, நுண்ணலைப் பின்னணி, அது கிளம்பியபோது அந்த இடம் இங்கிருந்து ஏறக்குறைய 4.2 கோடி ஒளியாண்டு தூரத்தில்தான் இருந்தது. அதே இடம் இப்போது 4500 கோடி ஒளியாண்டுக்கு அப்பால். வேறு திசையில் பார்த்தாலும் அதே தூரம், இரண்டையும் கூட்டினால் நீங்கள் கேட்ட எண்ணுக்குப் பக்கத்தில் வந்துவிடும்.