டவுன் ஆனவனைச் சுத்தி நின்னு ஆடறது குசும்பா, கேவலமா?

நொய்யல்_நரி (திருப்பூர்):
மாசாமாசம் நம்ம பசங்க பிஜிஎம்ஐ (மொபைல்ல டீம் டீமா சுட்டு ஆடற கேம்) கஸ்டம் ரூம், அதாவது நமக்குன்னு தனி மேட்ச், போடறோம். போன தடவை ஒரு ஸ்குவாட் (ஒரு டீம்), அடி வாங்கி நாக் ஆகி, அதாவது சாகாம டவுன் ஆகி, தவழ்ந்துட்டு இருந்தவனை முடிக்காம, சுத்தி நின்னு குந்திக் குந்தி எந்திரிச்சாங்க. அடி வாங்குன டீம் கடுப்பாகி ரூமை விட்டே போயிருச்சு. அடுத்த தடவை டீபேக் (இப்பிடிக் குந்தறது), எமோட் (கேரக்டர் போடற ஆட்டம்) ரெண்டுக்கும் தடை போடலாம்னு பாக்கறேன். என்ன சொல்றீங்க?

பொள்ளாச்சி_ஸ்னைப்பர்:
ஏனுங்ணா, எமோட்டைக் கேம்காரனே யூசிக்கு, அதான் காசு குடுத்து வாங்கற கேம் பணத்துக்கு, விக்கறான். காசு போட்டு வாங்குனவன் எங்க போய் ஆடறது? டீபேக் ஹேலோங்கற பழைய கேம் காலத்துல இருந்தே இருக்கு. கபடியில தொடை தட்டுனா யாராச்சும் பஞ்சாயத்துக்குப் போறாங்களா? நம்மூரு குசும்புங்ணா இது.

ஈரோட்டு_மஞ்சள்:
கபடியில தொடை தட்டறவனை அடுத்த நிமிசமே மடக்கிப் பிடிக்கலாம் தம்பி. நாக் ஆனவன் துப்பாக்கியே தூக்க முடியாது. ரத்தம் கொறஞ்சுட்டே இருக்கும், தவழறதைத் தவிர ஒண்ணும் பண்ண முடியாது. அவன் முன்னாடி ஆடறதுல என்ன வீரம்?

பொள்ளாச்சி_ஸ்னைப்பர்:
முடிக்காம விடறது பெய்ட்டுங்ணா, தூண்டில் மாதிரி! டீம்மேட் எழுப்ப வருவான், வந்தா அவனையும் தூக்கலாம். குந்தறதும் அதுக்குத்தான். கோவத்துல ஸ்மோக் (மறைஞ்சுக்கற புகை) கூடப் போடாம நேரா பாஞ்சு வருவான் பாருங்க. ஆனா அதுல நமக்கும் ரிஸ்க் இருக்கு. ஆடிட்டு இருக்கறப்ப மூணாவது டீம் வந்து மொத்தமாத் தூக்கிட்டுப் போயிரும். நானே அப்பிடி எத்தனையோ பேரை அடிச்சிருக்கேன். எதுக்கு ரூல்? அந்தத் தண்டனை கேமுக்குள்ளயே இருக்கு.

கோவை_அம்மிணி:
குந்தறதுக்கு இத்தனை பேச்சா? நான் வாலரண்ட்டுங்கற டீம் ஷூட்டிங் கேம் ஆடறவ. ரேங்க்டுல மைக்கை ஆன் பண்ணி "பி சைட்ல ரெண்டு பேரு"ன்னு சொன்னாப் போதும், "சமையக்கட்டுக்குப் போ"ன்னு ஆரம்பிச்சிருவானுக. எதிர் டீமு இல்லீங்க, என்ற டீம்மேட்டே! மியூட் பண்ணலாம்தான். ஆனா எவன் எங்க நிக்கறான், யாரு கண்ணைக் கூச வைக்கற ஃப்ளாஷ் போடறான்னு பேசித்தான் அந்த கேமே ஆடோணும். மியூட் பண்ணுனா அவனுக்கு ஒரு நட்டமும் இல்ல, ரவுண்டு போறது எனக்குத்தான். இன்னும் சில பேரு மேட்ச் தொடங்கறதுக்கு முன்னாடி லாபியிலயே "எந்த ஊரு, நீங்க என்ன ஆளுங்க"ன்னு சாதி வரைக்கும் வந்துருவாங்க.

பொள்ளாச்சி_ஸ்னைப்பர்:
அது பொறுக்கித்தனம்ங்க அக்கா. இதையும் அதையும் ஒண்ணாச் சேக்காதீங்க.

கோவை_அம்மிணி:
நான் சேக்கல கண்ணு. "ஜாலிக்குத்தான், சீரியஸா எடுத்துக்காதீங்க"ன்னு அவனுகளும் இதையேதான் சொல்றானுக.

சேலத்து_மாங்கா:
கம்பெனிங்க பண்ணதைப் பாருங்க. ஓவர்வாட்ச்ங்கற கேம் சாட்ல, ஜெயிச்சது ஈஸின்னு குத்திக்காட்ட "ஜிஜி ஈஸி"ன்னு அடிச்சா கேமே அதை மாத்திரும், "தூங்கற நேரமாச்சு, அம்மாகிட்டச் சொல்லிராதீங்க"ங்கற மாதிரி ஒண்ணை உங்க பேர்லயே போடும். அடிச்சவன் மானம்தான் போகும்! ஃபோர்ட்நைட்ங்கற கேம்ல 2024ல "டேக் த எல்", "லாஃப் இட் அப்" மாதிரி குத்திக்காட்டற நாலு எமோட்டை, அடுத்தவன் போட்டா நமக்குத் தெரியணுமா வேண்டாமான்னு நம்ம இஷ்டத்துக்கு விட்டுட்டாங்க. எமோட்டைத் தூக்கல. பப்ஜியை இந்தியாவுல 2020ல தடை பண்ணாங்க, 2021ல பிஜிஎம்ஐயா திரும்பி வந்தப்ப கேம்ல வர்ற ரத்தம் பச்சையாயிருச்சு. ஆடறவங்க வாய் மட்டும் அப்பிடியேதான் இருக்கு.

ஈரோட்டு_மஞ்சள்:
நல்லா சொன்னீங்க. ஆனாலும் டவுன் ஆனவனை வெச்சு வெளையாடறதை நான் ஒத்துக்க மாட்டேன்.

நொய்யல்_நரி:
சரிங்க, இப்பிடிப் போடறேன். பாக்ஸ் ஆனதுக்கப்புறம், அதாவது முழுசாச் செத்ததுக்கப்புறம், எமோட் போட்டுக்கலாம். பெய்ட்டும் ஓகே, ஆனா நாக் ஆனவன் மேல குந்தறது கூடாது. மீறுனா அந்த மேட்ச் கில் பாயிண்ட் கட். லாபி சாட்டு, வாட்சப் குரூப்பு, மைக்கு எதுலயாச்சும் குடும்பம், சாதி, பொம்பளைன்னு பேச்சு வந்தா வார்னிங் கெடையாது, ஸ்குவாடே வெளிய.

பொள்ளாச்சி_ஸ்னைப்பர்:
குந்துனதை யாருங்ணா எண்ணிட்டு உக்காந்திருப்பா? நான் கவருக்குத்தான் உக்காந்தேன்னு சொன்னா?

நொய்யல்_நரி:
ஸ்க்ரீன் ரெக்கார்டு இருந்தாத்தான் கம்ப்ளெயின்ட் எடுப்பேன். வெட்டவெளியில நின்னுட்டு கவர்னு கதை விடாத தம்பி.

கோவை_அம்மிணி:
மைக் ரூலை மொதல்ல எழுதுங்க, கடைசியில வேண்டாம். நாங்களும் நாலு பேரு பிஜிஎம்ஐ ஆடுவோம், ஒரு ஸ்லாட் வைங்க. அப்பறம் இந்தப் பொள்ளாச்சித் தம்பி எந்த டீம்னு மட்டும் சொல்லிருங்க.